தனியாள் கணினியில் பைத்தானுக்குத் தனிச் சூழல் எதற்கு?

கேள்வி, 5 செப்டம்பர் 2025

வீட்டு மேசைக் கணினியை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04 பதிப்புக்கு மாற்றினேன். பைத்தான் மொழிக்கான பொதிகளை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) நிறுவ அதுவரை தடையில்லாமல் வேலை செய்த ‘பிப் இன்ஸ்டால்’ கட்டளை இப்போது ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற தெரிவைச் சேர்த்தால் பொதி நிறுவப்படுகிறது, நிரலும் ஓடுகிறது. இந்தக் கணினியைப் பயன்படுத்துபவன் நான் ஒருவன்தான். பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதும், எக்செல் தாள்களைப் பிரித்து அடுக்குவதும்தான் என் வேலை. ஒவ்வொரு நிரலுக்கும் அதன் பொதிகளைத் தனியே வைக்க ஒரு மெய்நிகர் சூழல் என்பது பெரிய நிறுவனங்களுக்கான ஏற்பாடு, தனியாளுக்கு அது வீண் சுமை என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லவும்.

6 செப்டம்பர் 2025

உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் பைத்தான் உங்களுக்காக வைக்கப்பட்டதன்று. மென்பொருள் புதுப்பிப்பைக் காட்டும் சாளரம், பின்னணியில் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவும் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’, தவறான கட்டளையைத் தட்டினால் எந்தப் பொதியை நிறுவ வேண்டும் என்று சொல்லும் சிறு நிரல், பிழை அறிக்கை அனுப்பும் ‘அப்போர்ட்’ எல்லாமே அந்தப் பைத்தானில்தான் ஓடுகின்றன. அவற்றுக்குத் தேவையான நிரலகங்களை உபுண்டுவின் பொதி நிறுவியான ‘ஆப்ட்’ கொண்டுவந்து வைக்கிறது; எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பு ஒத்துப்போகும் என்று பார்த்துத்தான் வைக்கிறது. அதே இடத்தில் பிப் தன் கணக்குப்படி வேறு பதிப்புகளைக் கொண்டுவந்தால், இரண்டு கணக்குப்பிள்ளைகளும் ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமலே வரவு வைக்கிறார்கள். இதைத் தடுக்கத்தான் ‘பெப் 668’ என்ற முன்மொழிவு வந்தது. 2023 ஏப்ரலில் வந்த உபுண்டு 23.04 பதிப்பும், ஜூனில் வந்த டெபியன் 12 பதிப்பும் அதை நடைமுறைப்படுத்தின. நீங்கள் 22.04 பதிப்பிலிருந்து நேரே 24.04 பதிப்புக்குத் தாவியதால் தடை திடீரென வந்ததுபோல் தெரிகிறது.

தடையின் இயக்கம் எளிது. பைத்தானின் நூலக அடைவில் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்ற பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கிறது. அதைக் கண்டவுடன் பிப் நின்றுவிடுகிறது. கோப்பை அழித்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களும் உண்டு. பைத்தான் பொதி அடுத்து புதுப்பிக்கப்படும்போது கோப்பு திரும்பி வந்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, எச்சரிக்கைப் பலகையைக் கழற்றுவதால் பள்ளம் மூடப்படுவதில்லை.

நீங்கள் சேர்க்கும் தெரிவால் உண்மையில் என்ன நடக்கிறது? ‘சூடோ’ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) இல்லாமல் செய்தால் பொதிகள் உங்கள் வீட்டு அடைவில் மறைந்திருக்கும் ‘லோக்கல்’ என்ற அடைவுக்குள் போகின்றன. பைத்தான் ஒரு நிரலகத்தைத் தேடும்போது, ஆப்ட் வைத்த இடத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த இடத்தைத்தான் பார்க்கும். எனவே நீங்கள் எக்செல் வேலைக்காக நிறுவிய ஏதோ ஒரு பொதி, தன்னோடு இன்னொரு பொதியின் புதிய பதிப்பை இழுத்து வந்திருந்தால், உங்கள் பெயரில் ஓடும் இயங்குதள நிரல்களும் அந்தப் புதிய பதிப்பையே எடுத்துக்கொள்ளும். சூடோவோடு செய்தால் நிலைமை இன்னும் மோசம்: பொதிகள் எல்லாப் பயனருக்கும் பொதுவான இடத்துக்குப் போகின்றன, ரூட் (நிர்வாகி) உரிமையில் ஓடும் நிரல்களும் அவற்றைப் பார்க்கின்றன. மூலநிரலாக மட்டும் கிடைக்கும் பொதியாக இருந்தால் அதைக் கட்டுவதற்கான நிரலும் ரூட் உரிமையோடு ஓடும். யார் எழுதியது என்று அறியாத நிரலுக்குக் கணினி முழுவதையும் திறந்துவிடுவது அது.

‘இப்போது ஓடுகிறது’ என்பது சரி. எப்போது ஓடாது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது என்பதே என் மறுப்பின் சாரம்.

6 செப்டம்பர் 2025, இரவு

மேலே சொன்னதற்கு நெருங்கிய உறவான ஒரு காட்சி. உபுண்டு 18.04 இருந்த காலத்தில் நண்பர் ஒருவர் புதிய பைத்தான் வேண்டும் என்று, பைத்தான்3 என்ற இணைப்பையே வேறு பதிப்புக்குத் திருப்பிவிட்டார். மறுநாள் அவருடைய முனையம் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) திறக்கவில்லை. உறைந்து நிற்கவும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. சின்னத்தை அழுத்தினால் சுட்டி சற்று நேரம் சுழன்று ஓய்ந்துவிடும். அந்தப் பதிப்பில் கினோம் முனையத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல் பைத்தானில் எழுதப்பட்டிருந்தது; புதிய பைத்தானுக்கு ஏற்ற இடைமுக நிரலகம் அதற்குக் கிடைக்கவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை அழுத்திக் கரும் திரைக்குப் போய் இணைப்பைப் பழையபடி திருப்பிய பின்தான் எல்லாம் சீரானது. அதற்கு முன் ஆப்டும் ‘ஆப்ட்-பிகேஜி என்ற மாட்யூல் இல்லை’ என்று புலம்பிக்கொண்டிருந்தது.

பிப் நிறுவுவதும் இணைப்பைத் திருப்புவதும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் கை வைக்கப்படும் இடம் ஒன்றுதான்.

9 செப்டம்பர் 2025

‘சுமை’ என்ற சொல்லுக்குப் பதில் சொல்ல, ஒரு மெய்நிகர் சூழலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. பலர் அதை மெய்நிகர்க் கணினி போன்ற பெரும் ஏற்பாடு என்று நினைத்து ஒதுங்குகிறார்கள்.

அது ஓர் அடைவு, அவ்வளவுதான். உள்ளே ‘பைவென்வ்.சிஎஃப்ஜி’ என்ற சில வரிக் கோப்பு இருக்கும். தாய்ப் பைத்தான் எங்கே இருக்கிறது, இயங்குதளத்தின் நிரலகங்களை எட்டிப் பார்க்கலாமா கூடாதா, பதிப்பு என்ன என்பவற்றை அது சொல்கிறது. ‘பின்’ என்ற உள்ளடைவில் பைத்தானுக்கு ஒரு குறியீட்டு இணைப்பு இருக்கும், பைத்தான் நகலெடுக்கப்படுவதில்லை. ‘லிப்’ என்ற உள்ளடைவில் பதிப்பு எண்ணோடு ஓர் அடைவும், அதற்குள் பொதிகள் போகும் இடமும் இருக்கும். பைத்தான் தொடங்கும்போது தன் அருகே அந்தச் சில வரிக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் பொதிகளை அங்கிருந்து எடுக்கிறது. இந்த வசதி 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதலே மொழியோடு சேர்ந்து வருகிறது. டெபியனும் உபுண்டுவும் சூழலை உருவாக்கும் ‘வென்வ்’ பகுதியைத் தனிப் பொதியாகப் பிரித்து வைத்திருப்பதால், ‘பைத்தான்3-வென்வ்’ என்பதை ஆப்ட் வழியாக ஒரு முறை நிறுவ வேண்டும்.

அடுத்து, ‘ஆக்டிவேட்’ செய்வது. ஒவ்வொரு முறையும் முனையத்தைத் திறந்து, அடைவுக்குப் போய், சூழலை இயக்கி, பிறகு நிரலை ஓட்ட வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு அலுப்பூட்டுகிறது. அது தேவையே இல்லை. இயக்கும் கட்டளை செய்வதெல்லாம், கட்டளைகளைத் தேடும் பாதையின் முன்னால் சூழலின் ‘பின்’ அடைவைச் சேர்ப்பதும், ஓரிரு மாறிகளை அமைப்பதும், முனையத்தின் வரித் தொடக்கத்தில் சூழலின் பெயரைக் காட்டுவதும்தான். சூழலுக்குள் இருக்கும் பைத்தானை முழுப் பாதையோடு நேரடியாக அழைத்தாலே அது தன் பொதிகளைக் கண்டுகொள்ளும். உங்கள் பாமினி மாற்றிக்கு மேசையில் ஒரு சின்னம் வைக்கலாம். அந்த ‘டெஸ்க்டாப்’ கோப்பின் ‘எக்ஸெக்’ வரியில் முதலில் சூழலின் பைத்தானுக்கு முழுப் பாதையையும், அடுத்து நிரலுக்கு முழுப் பாதையையும் எழுதினால் போதும். குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி கிரானில் வைக்கும் வேலைகளுக்கும் இதே முறைதான். அங்கே இயக்கும் கட்டளையைச் சேர்த்து எழுதித் தடுமாறுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இதே காரணத்தால், பிப்பை வெறுமனே அழைக்காமல் ‘பைத்தான் -எம் பிப்’ என்று அழைக்கும் பழக்கத்தை நான் எல்லோருக்கும் வலியுறுத்துகிறேன். எந்தப் பைத்தானுக்கு நிறுவுகிறோம் என்பது கட்டளையிலேயே எழுதப்பட்டிருக்கும். பாதையில் முதலில் எந்தப் பிப் அகப்படுகிறது என்ற ஊகம் வேண்டாம்.

13 செப்டம்பர் 2025

இயங்குதளத்தை விட்டுவிடுகிறேன், ஆனால் என் வேலைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு சூழல் வைத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் அடுத்து சொல்லக்கூடும். பலர் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். உங்கள் வேலைக்கு மிக நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைக் காட்டுகிறேன்.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற, பைத்தான் பொதிகளின் இணையக் களஞ்சியமான பைபிஐயில் கிடைக்கும் ‘ஓப்பன்-தமிழ்’ பொதி வசதியானது. பழைய குறியாக்கங்களை மாற்றும் பகுதி அதில் உண்டு. எழுத்துகளைச் சரியாக எண்ணவும் அது உதவும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் நேரடியாகக் கேட்டால் 5 என்று சொல்லும், ஏனென்றால் அது இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. இந்தப் பொதியின் வழியாக எழுத்துகளாகப் பிரித்தால் த, மி, ழ் என மூன்று கிடைக்கும். சொல்லடைவு தயாரிப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

எனக்குத் தெரிந்த பதிப்பக நண்பர் ஒருவர் இதை நிறுவியிருந்தார். ரஷ்ய மொழிபெயர்ப்பு நூல் ஒன்றுக்குப் பெயரடைவு தயாரிக்கும் வேலையும் அவரிடம் இருந்தது. சிரிலிக் எழுத்தில் உள்ள பெயர்களை ரோமன் எழுத்தில் பெயர்க்க ‘டிரான்ஸ்லிட்டரேட்’ என்ற வேறொரு பொதியை அதே சூழலில் ஏற்கெனவே வைத்திருந்தார். ஓப்பன்-தமிழ் வந்த பிறகு ரஷ்ய நிரல் ஓடவில்லை. ‘டிரான்ஸ்லிட்’ என்ற பெயரை இறக்குமதி செய்ய முடியவில்லை என்று பிழை வந்தது. பொதிப் பட்டியலைக் கேட்டால் இரண்டு பொதிகளும் நிறுவப்பட்டிருப்பதாகவே பிப் சொன்னது.

நடந்தது இதுதான். ஓப்பன்-தமிழ் தனக்குள்ளும் ‘டிரான்ஸ்லிட்டரேட்’ என்ற பெயரிலேயே ஓர் அடைவைக் கொண்டுவருகிறது. ஆங்கில எழுத்தில் தட்டியதைத் தமிழாக்குவதற்கான பகுதி அது. பைபிஐயில் பொதியின் பெயர் ஒன்றாகவும், அது கணினியில் இறக்கும் அடைவுகளின் பெயர்கள் வேறாகவும் இருக்கலாம். பிப் பொதிப் பெயர்களுக்கிடையே உள்ள மோதலையும் பதிப்பு நிபந்தனைகளையும் பார்க்கிறது. இரண்டு பொதிகள் ஒரே பாதையில் ஒரே பெயருள்ள கோப்பை எழுதுகின்றனவா என்று பார்ப்பதில்லை. பின்னால் வந்தது முன்னால் இருந்ததன் தொடக்கக் கோப்பைச் சத்தமில்லாமல் மேலெழுதிவிட்டது. சரி, புதிதாக வந்ததை நீக்கிவிடலாம் என்று நீக்கினால், பிப் தன் பதிவேட்டில் அந்தப் பொதியின் பெயரில் உள்ள எல்லாக் கோப்புகளையும் அழிக்கும். இருவருக்கும் பொதுவான தொடக்கக் கோப்பும் அதில் போய்விடும். ரஷ்யப் பொதி இப்போதும் உடைந்துதான் இருக்கும். அதை வலிந்து மறுபடி நிறுவினால்தான் எழுந்து நிற்கும்.

இரண்டு பொதிகளுமே நல்ல பொதிகள். இரண்டையும் உருவாக்கியவர்களிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரே இடத்தில் இருக்க முடியாது, அவ்வளவுதான். சூழலை இரண்டாகப் பிரித்தவுடன் சிக்கல் தீர்ந்தது.

பதிப்பு மோதல் இதைவிட அடிக்கடி நடக்கும். 2024 ஜூனில் எண் கணக்குகளுக்கான நம்பை பொதியின் 2.0 பதிப்பு வந்தபோது, நம்பை 1-ஐ நம்பிக் கட்டப்பட்ட பொதிகள் பல ஓடாமல் நின்றன. ஒரே சூழலில் எல்லாவற்றையும் வைத்திருந்தவர்களுக்கு, ஒரு புதிய பொதிக்காக நம்பை உயர்த்தப்பட்டவுடன் அதற்குத் தொடர்பே இல்லாத பழைய நிரல்கள் விழுந்தன.

14 செப்டம்பர் 2025

இடம் வீணாகும் என்ற வாதத்துக்கு: வெறும் பிப் மட்டும் உள்ள சூழல் சில மெகாபைட்தான். நம்பையும், அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸும் சேர்ந்தால் சில நூறு மெகாபைட்டை நெருங்கலாம். பதிவிறக்கியவற்றைப் பிப் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்வதால், இரண்டாவது சூழலுக்கு அதே பதிப்பை மறுபடி இணையத்திலிருந்து இறக்குவதில்லை. வட்டில் நகல் கூடுவது உண்மை. இன்றைய மேசைக் கணினியில் அது பொருட்படுத்தத் தக்கதன்று. ஒரே ஒரு விதிவிலக்கைப் பிறகு எழுதுகிறேன்.

21 செப்டம்பர் 2025

22.04 பதிப்பிலிருந்து 24.04 பதிப்புக்கு மாறிய இன்னொருவர் கேட்டிருக்கிறார்: நான் ஒழுங்காகச் சூழல் வைத்திருந்தேன், இயங்குதளத்தை உயர்த்தியவுடன் அது செத்துவிட்டதே, இதில் என்ன பாதுகாப்பு?

நல்ல கேள்வி. 22.04 பதிப்பில் பைத்தான் 3.10, 24.04 பதிப்பில் 3.12. சூழலுக்குள் இருப்பது இயங்குதளத்தின் பைத்தான்3-க்கு இணைப்பு என்று முன்பே சொன்னேன். உயர்த்திய பின் அந்த இணைப்பு தானாக 3.12 பதிப்பைக் காட்டுகிறது. 3.12 தன் பொதிகளை 3.12 என்று பெயரிட்ட அடைவில் தேடுகிறது. உங்கள் பொதிகளோ 3.10 என்ற அடைவில் அப்படியே இருக்கின்றன. எனவே எதுவும் இல்லை என்று சொல்கிறது. பிப்பே இல்லை என்றும் சொல்லும். அடைவின் பெயரை மாற்றி ஒட்டவைக்க முயல வேண்டாம். சி மொழியில் எழுதி 3.10 பதிப்புக்கெனக் கட்டப்பட்ட பகுதிகள் 3.12 பதிப்பில் ஏறமாட்டா.

சூழலை வேறு அடைவுக்கு நகர்த்தினாலும் இப்படித்தான். உள்ளே இருக்கும் கட்டளைக் கோப்புகளின் முதல் வரியில் பழைய முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும்.

சூழலைக் காப்பாற்றி வைக்க வேண்டிய பொருளாக நினைப்பதால் வரும் ஏமாற்றம் இது. சூழல் விளைந்த பயிர். பொதிப் பட்டியல் விதைநெல். பயிர் போனால் மறுபடி விதைக்கலாம், விதைநெல்லைத்தான் பத்திரப்படுத்த வேண்டும். சூழலை அழித்துவிட்டுச் சில நிமிடங்களில் மறுபடி உருவாக்க முடிந்தால் அது நல்ல நிலையில் இருக்கிறது. அழிக்கப் பயமாக இருந்தால், பட்டியல் எங்கேயோ முழுமையாக இல்லை என்று பொருள்.

பட்டியலை எப்படி வைப்பது என்பதில் என் முறை இது. இரண்டு கோப்புகள் வைக்கிறேன். முதலாவதில் நானாகக் கேட்ட பொதிகள் மட்டும்: ஓப்பன்-தமிழ், ஓப்பன்பைஎக்செல் என்று நாலைந்து வரிகள், அவசியமானால் மட்டும் பதிப்பு வரம்பு. இரண்டாவதில் ‘பிப் ஃப்ரீஸ்’ தரும் முழு விவரம், ஒவ்வொன்றுக்கும் துல்லியமான பதிப்பு எண்ணோடு. இரண்டாவது கோப்பு, ஓடிக்கொண்டிருந்த நிலையை அப்படியே திரும்பக் கொண்டுவர. முதலாவது, பைத்தான் பதிப்பு மாறும்போது புதிதாகத் தொடங்க. ஃப்ரீஸ் பட்டியலை மட்டும் வைத்திருப்பவர்கள் ஓராண்டு கழித்துப் பார்க்கும்போது, நாற்பது ஐம்பது வரிகளில் எது தனக்கு வேண்டியது, எது மற்றொன்றால் இழுத்து வரப்பட்டது என்று பிரிக்க முடியாமல் திணறுகிறார்கள்.

22 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது ஒன்று. பொதியின் பெயரும் இறக்குமதிப் பெயரும் வேறாக இருக்கலாம் என்பதால், நிரலின் முதல் வரிகளைப் பார்த்துப் பட்டியலை எழுத முற்படாதீர்கள். சிவி2 என்று இறக்குமதி செய்வது ‘ஓப்பன்சிவி-பைத்தான்’. பிஐஎல் என்பது ‘பில்லோ’. யாம்ல் என்பது ‘பையாம்ல்’. ஊகித்துத் தட்டும் பெயரில் வேறு யாரோ தீய நோக்கத்தோடு ஒரு பொதியை ஏற்றி வைத்திருக்கலாம். பிரபலப் பொதிகளின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பதிந்து காத்திருப்பவர்கள் பைபிஐயில் மறுபடி மறுபடி பிடிபட்டிருக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் ஆவணப் பக்கத்தில் உள்ள நிறுவல் வரியை அப்படியே எடுப்பதே பாதுகாப்பு.

9 அக்டோபர் 2025

பைத்தான் 3.14 நேற்று முன்தினம் வெளிவந்தது. புதிய பதிப்பு வந்தவுடன் அதில் சூழல் அமைத்து, பிறகு பக்கம் பக்கமாகச் சிவப்பு எழுத்தில் பிழை வருகிறது என்ற புகார் இனி வரும். பெரும்பாலான பொதிகள் ‘வீல்’ என்ற வடிவில் முன்பே கட்டப்பட்டு வருகின்றன. சி போன்ற மொழிகளில் எழுதிய பகுதி உள்ளவை, பைத்தான் பதிப்புக்கும் இயங்குதளத்துக்கும் ஏற்பத் தனித்தனியாகக் கட்டப்படுவது வழக்கம். புதிய பதிப்புக்கான வீல் இன்னும் ஏற்றப்படவில்லை என்றால் பிப் மூலநிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டத் தொடங்கும். தொகுப்பி இல்லை, ‘பைத்தான்.ஹெச்’ கோப்பு இல்லை என்று நின்றுவிடும். அப்போது தேவையான நிரலாக்கப் பொதிகளை ஒவ்வொன்றாகத் தேடி நிறுவிப் பொழுதைக் கழிப்பதைவிட, ஒரு பதிப்பு பின்னால் போய் சூழல் அமைப்பது அறிவு. உங்கள் நிரலுக்கு 3.14 பதிப்பில் என்ன தேவை இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘ஒன்லி பைனரி’ தெரிவைக் கொடுத்தால் பிப் மூலநிரலைத் தொடாமல், வீல் இல்லை என்று உடனே சொல்லிவிடும். எனக்கு அந்த நேரடிப் பதில் பிடிக்கும்.

12 அக்டோபர் 2025

இடத்தைப் பற்றி 14 செப்டம்பரில் சொன்ன விதிவிலக்கு பைடார்ச் என்ற இயந்திரக் கற்றல் பொதி. லினக்சில் வெறுமனே ‘பிப் இன்ஸ்டால் டார்ச்’ என்று கொடுத்தால், கணினியில் என்விடியா அட்டை இருக்கிறதா இல்லையா என்று பாராமல் அதற்கான நிரலகங்கள் எல்லாவற்றையும் இறக்குகிறது; மொத்தம் 2 ஜிகாபைட்டுக்கு மேல் போகும். கைப்பேசி இணைப்பில் ஒரு நாளைக்கான தரவு வரம்பு அந்த ஒரு கட்டளையிலேயே தீர்ந்துவிடும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினிக்குப் பைடார்ச் திட்டமே சிபியு மட்டுமான வீல்களைத் தனிப் பதிவகத்தில் வைத்திருக்கிறது, அவை ஏறத்தாழ 200 மெகாபைட்தான். ‘இன்டெக்ஸ் யுஆர்எல்’ தெரிவில் அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வரி எத்தனையோ மாணவர்களின் தரவையும் வட்டையும் மிச்சப்படுத்தும். பயிற்சி வகுப்புகளில் இதை முதலிலேயே சொல்ல வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

இணையமே இல்லாத கணினிக்கும் வழி உண்டு. இணையம் உள்ள இடத்தில் ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் பட்டியலில் உள்ள பொதிகளையும் அவற்றின் சார்புகளையும் ஓர் அடைவில் இறக்கிப் பென்டிரைவில் எடுத்துச் செல்லலாம். அங்கே ‘நோ இன்டெக்ஸ்’, ‘ஃபைண்ட் லிங்க்ஸ்’ என்ற இரண்டு தெரிவுகளோடு நிறுவினால் பிப் இணையத்தைத் தொடாது. இரண்டு கணினிகளிலும் இயங்குதள வகையும் பைத்தான் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் அச்சகத்தின் பின்னறையில் இணையம் இல்லாமல் வைக்கப்பட்டிருந்த கணினிக்கு இப்படித்தான் பாமினி மாற்றியைக் கொண்டுபோய் அமைத்தோம். மறுபடி நிறுவ வேண்டிவந்தால் என்று அந்த அடைவையும் அதே கணினியில் விட்டுவந்தோம்.

26 அக்டோபர் 2025

ஒவ்வொரு நிரலுக்கும் தனிச் சூழல் என்ற விதியைச் சற்றுத் தளர்த்தலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு பொதியை எட்டிப் பார்க்க வேண்டும், நாலு வரி எழுதிச் சோதிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் தனி அடைவு, தனிப் பட்டியல் என்றால் யாரும் செய்யமாட்டார்கள். அதற்கெனச் ‘சோதனை’ என்ற பெயரில் ஒரே சூழலை வீட்டு அடைவில் வைத்துக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றுதான்: அதற்குப் பட்டியல் கிடையாது, எந்த மேசைச் சின்னமும் கிரான் வேலையும் அதைச் சார்ந்திருக்கக் கூடாது. குழம்பிப்போனால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

நிரலுக்குள் இறக்குமதி செய்யாமல், கட்டளையாக மட்டும் பயன்படுத்தும் பைத்தான் மென்பொருள்களுக்குப் பிப்எக்ஸ் சிறந்தது. காணொளி இறக்கும் ‘ஒய்டி-டிஎல்பி’ ஓர் எடுத்துக்காட்டு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சூழலை அதுவே அமைத்து, கட்டளையை மட்டும் வெளியே காட்டும். பிப்எக்ஸை ஆப்ட் வழியாகவே நிறுவலாம்.

வென்வ், பிப் இரண்டின் வேலையையும் செய்யும் யூவி என்ற கருவியைப் பற்றிக் கேட்டவருக்கு: 2024 பிப்ரவரியில் ஆஸ்ட்ரல் நிறுவனம் வெளியிட்டது, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது, மிக விரைவானது. ஒரே பொதியின் கோப்புகளைத் தன் சேமிப்பிலிருந்து சூழலுக்கு வன்னிணைப்பாக (வட்டில் உள்ள அதே கோப்புக்கு இன்னொரு பெயராக) தருவதால், இரண்டும் ஒரே வட்டுப் பகுதியில் இருந்தால் நகல்கள் இடத்தை அடைப்பதில்லை. வேண்டிய பைத்தான் பதிப்பையும் தானே கொண்டுவரும். இயங்குதளப் பைத்தான் மாறினாலும் அப்படி அமைத்த சூழல் பாதிக்கப்படாது. நான் அன்றாடம் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் புதிதாக வருபவர்களுக்கு முதலில் வென்வ், பிப் இரண்டையும் கற்றுக்கொடுக்கவே விரும்புகிறேன். யூவியும் கடைசியில் உருவாக்குவது அதே அடைவைத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அது பிழை சொல்லும்போது புரியும். துல்லியமான பதிப்புகளைப் பதிந்துவைக்கும் பூட்டுக் கோப்புக்குப் பொது வடிவம் வேண்டும் என்ற ‘பெப் 751’ 2025 மார்ச்சில் ஏற்கப்பட்டிருக்கிறது. எல்லாக் கருவிகளும் அதற்கு வந்துவிட்டால், எந்தக் கருவி என்ற விவாதமே பெரும்பாலும் தேவைப்படாது.

27 அக்டோபர் 2025

விண்டோசில் இருப்பவர்களுக்கு வேறுபாடு குறைவு. ‘பின்’ அடைவுக்குப் பதில் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ இருக்கும். பவர்ஷெல்லில் இயக்கும் கட்டளை கொள்கைத் தடையால் மறுக்கப்பட்டால், சூழலின் பைத்தானை முழுப் பாதையில் அழையுங்கள். தடை உங்களை எட்டாது.

2 நவம்பர் 2025

கேள்வி கேட்டவர் சூழல்களுக்கு மாறிவிட்டதாகவும், ஏற்கெனவே வெளியே நிறுவியவற்றை எப்படித் துடைப்பது என்றும் எழுதியிருக்கிறார்.

முதலில் அவற்றால் ஏதும் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். இயங்குதள நிரல் ஒன்று பிழை காட்டினால், ‘பைத்தான்நோயூசர்சைட்’ என்ற இயங்குதள மாறிக்கு (என்விரான்மென்ட் வேரியபிள்) 1 என்று மதிப்புக் கொடுத்து அதை மறுபடி ஓட்டுங்கள். வீட்டு அடைவில் உள்ள பொதிகளைப் பைத்தான் அப்போது பார்க்காது. நிரல் ஓடினால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறது.

அடுத்து வீட்டு அடைவின் லோக்கல், அதற்குள் லிப். அங்கே பைத்தான் 3.10 என்ற அடைவு இருந்தால் அது 22.04 காலத்து எச்சம். இயங்குதளத்தில் இப்போது அதைப் படிக்க யாரும் இல்லை, முழுவதுமாக நீக்கலாம். 3.12 என்ற அடைவில் உள்ளவற்றை ‘பிப் லிஸ்ட்’ கட்டளைக்கு ‘யூசர்’ தெரிவு கொடுத்துப் பட்டியலிட்டு, உங்களுக்கு வேண்டியவை ஏதாவது ஒரு சூழலின் பட்டியலில் வந்துவிட்டனவா என்று சரிபார்த்துக்கொண்டு, பிறகு நீக்குங்கள். நீக்குவதற்கும் பிப் அதே தடையைக் காட்டும். ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ தெரிவை இந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்தலாம். லோக்கலுக்குள் உள்ள ‘பின்’ அடைவிலும் ஒரு பார்வை வேண்டும். 3.10 அடைவைக் கையால் நீக்கியிருந்தால், அதைச் சேர்ந்த கட்டளைக் கோப்புகள் அங்கே அநாதையாகக் கிடக்கும். பிப்எக்ஸும் யூவியும் வைத்த கோப்புகளும் அங்கேதான் இருக்கும் என்பதால், ஒவ்வொன்றின் முதல் வரியையும் பார்த்து நீக்குங்கள்.

எப்போதாவது சூடோவோடு நிறுவியிருந்தால், யுஎஸ்ஆர் அடைவின் லோக்கல் பகுதியில் பைத்தான் 3.12-க்கு உரிய ‘டிஸ்ட்-பேக்கேஜஸ்’ அடைவையும் பாருங்கள். ஆப்ட் அங்கே எதையும் வைப்பதில்லை. அதில் இருப்பவை நீங்களோ உங்களுக்காக வேறு யாரோ வைத்தவைதாம்.